பேய்ப்பாட்டுக்காரர்களைப் பார்க்கப் போன ராத்திரி

தனபாலிடமிருந்து வந்த உறையைப் பிரித்தால் கடிதம் இல்லை. ஒரு டிக்கெட் மட்டும் இருந்தது. உறையை உதறினேன். உட்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறானா என்று விளக்கடியில் பிடித்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை. சனிக்கிழமை இரவு எட்டு மணி, நின்று பார்க்கும் பகுதி, வாங்கிய டிக்கெட் திருப்பி எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது என்று பிரெஞ்சில் அச்சடித்திருந்தது.

நான் பிரான்சுக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. எண்பதுகளின் நடுவில், குறுவை அறுப்பு முடிந்த கையோடு, காரைக்காலில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவரை மூன்று வாரப் பயிற்சிக்கு அழைத்திருந்தார்கள். என் முறை வந்தது. பாரீசுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கே ஓர் ஆசிரியர் விடுதியில் கட்டில், கம்பளி, ஜன்னல் வழியாக ஒரு கல்லறைத் தோட்டம்.

குரும்பகரத்தில் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பயிற்சியாக நினைக்கவில்லை. தனபாலை நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்டு வர வழி பிறந்துவிட்டது என்றுதான் அப்பா எடுத்துக்கொண்டார்.

தனபால் என் தாய்மாமன் மகன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் பெயர் சொன்னால் தெரியாது, சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லால் 'சொல்தா' என்றால்தான் தெரியும். அந்த வழியில் தனபாலுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பாரீசுக்குப் போய், கார்க் கதவுகளை அச்சில் வைத்து அடிக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தான். நடுவில் ஒருமுறை லீவில் வந்தபோது என் தங்கை தமிழரசியை அவனுக்கு நிச்சயம் செய்தோம். வெற்றிலை பாக்கு மாற்றி ஒன்றரை வருஷம். மாதம் இரண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவன் எட்டு மாதமாக அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. மாமாவுக்கு மட்டும் எப்போதாவது 'நலம்' என்று ஓர் அட்டை வரும்.

"வேணுமா வேணாமா, ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துடு," என்றார் அப்பா. "ஊரு கேக்குது. எனக்குப் பதில் சொல்லி மாளல."

அரசி அடுக்களைக்குப் போனாள். என் பெட்டியில் புளி உருண்டையும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்துக் கட்டிக்கொடுத்தாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டிக்கெட்டில் இருந்த பாட்டுக்குழுவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அவர்களுக்கு ஒரே பெயர்தான், பேய்ப்பாட்டுக்காரர்கள். தனபால் பாரீசுக்குப் போன முதல் வருஷம் ஒரு கேசட் அனுப்பினான். உறையில் ஐந்து வெள்ளைக்காரர்கள், முகத்தில் பாதி சுண்ணாம்பு பாதி கரி, பின்னால் எரிகிற கப்பல். வீட்டில் போட்டால் மாட்டுக்குப் பால் சுரக்காது என்றாள் அம்மா. அதனால் டேப்ரிக்கார்டரை வயலில் மோட்டார் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தண்ணீர் பாய்கிற சத்தத்துக்கு மேலே அதைக் கேட்டுக் கேட்டு நாடா இழுத்துவிட்டது. லீவில் வந்த தனபால் புதிதாக மூன்று கேசட் கொண்டுவந்தான். அந்த நாற்பது நாளும் சாயந்திரத்தில் நாங்கள் இரண்டு பேரும் கொட்டகையில்தான். டீ கொண்டுவருகிற சாக்கில் அரசியும் வந்து வாசலில் நிற்பாள். பாட்டின் ஆங்கிலம் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. கேட்ட மாதிரி நாங்களே சொற்களைப் போட்டுக்கொண்டோம்.

என்றாவது ஒருநாள் அவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் பேச்சு. அது நடக்கும் என்று நான் நினைத்ததில்லை. இப்போது டிக்கெட் கையில் இருந்தது. எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். எட்டு மாதம் என் தங்கையைக் காக்கவைத்தவன் என்னைப் பாட்டுக்குக் கூப்பிடுகிறானே என்று எரிச்சல்தான் வந்தது.

*

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வகுப்பு. பத்து வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் நான். விடுதிச் சமையல்கட்டில் இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்டால், பரிமாறுகிற அம்மாள் உப்புக் குடுவையை எடுத்துக் கொடுத்தாள். அழகான பிரெஞ்சு, எங்கள் தாத்தா இப்படிப் பேசுவார் என்று ஓர் ஆசிரியை சொன்னாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள இரண்டு நாள் முயற்சி செய்தேன்.

சாப்பாடு ஒவ்வொன்றாக வந்தது. முதலில் துருவிய கேரட், அப்புறம் ஒரு துண்டு இறைச்சி, அப்புறம் பாலாடைக்கட்டி. கடைசியில் சோறு வரும் என்று முதல் நாள் காத்திருந்தேன். ஆப்பிள் வந்தது. ராத்திரியில் பசியோடு படுத்தால் தூக்கம் விடியற்காலை மூன்று மணிக்கே கலைந்துவிடும். நம் ஊரில் அப்போது பொழுது விடிந்து மாடு அவிழ்த்துவிட்டிருப்பார்கள். உடம்பு இன்னும் குரும்பகரத்திலேயே இருந்தது. செருப்புக்கடையில் வாங்கிய புது பூட்ஸ் குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். தனபால் இருப்பது பாரீசுக்கு வடக்கே ஒரு புறநகரில். பாரீசில் மாறி ஏறிய ரயில், அவன் ஊர் ஸ்டேஷனைக் கண்ணெதிரே காட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் செய்தித்தாளை இறக்கி, "எல்லாருக்கும் ஒரு தடவை இப்படி நடக்கும். எனக்கு நாற்பது வருஷமாக நடக்கிறது," என்றார். நான்கு ஸ்டேஷன் தாண்டி இறங்கி, அந்தப் பக்கம் போய்ப் பதினைந்து நிமிஷம் குளிரில் நின்று, திரும்பி வந்தேன்.

தனபால் ஸ்டேஷன் வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மெலிந்திருந்தான். "டேய் தனபாலு," என்றேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய் இன்னொரு தரம் கூப்பிட்டேன். மூன்றாவது தரம் கூப்பிட்டபோது அவனைக் கடந்து போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவன் பார்க்கவில்லை. தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பி, "மாப்ள," என்று கட்டிக்கொண்டான். வேண்டுமென்றே காக்கவைக்கிறான் என்று நினைத்தேன். கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அவன் அறையைக் காத்தமுத்து அண்ணனோடு பகிர்ந்துகொண்டிருந்தான். அண்ணன் எங்கள் பக்கத்து மீனவ ஊரான பட்டினச்சேரிக்காரர். கப்பலில் சமையல் வேலைக்குப் போய், ஒரு துறைமுகத்தில் இறங்கி, இப்போது ஏதோ ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இருந்தார். என் பெட்டியில் இருந்த புளியைக் கண்டதும் வேறு எதையும் பார்க்கவில்லை. சட்டியை அடுப்பில் ஏற்றி, வஞ்சிரம் மாதிரி ஒரு மீனைப் போட்டுக் குழம்பு வைத்தார். மீன் அந்த ஊர் மீன், குழம்பு பட்டினச்சேரிக் குழம்பு. நான்கு நாளைக்குப் பிறகு சோறு சாப்பிட்டேன். நானே எழுந்துபோய் இரண்டாவது தரம் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்து தனபால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். இப்படிப்பட்ட விஷயங்களை முகம் பார்த்துக் கேட்க நமக்குக் கூச்சம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அரசி விஷயமா அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாருடா. நீ என்ன நெனச்சிருக்க," என்றேன்.

அவன் அடுத்த தட்டை எடுத்துத் தேய்த்தான். குழாய் ஓடுகிற சத்தம் மட்டும்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. எட்டு மாசம் ஒரு பொண்ணைக் காக்கவைக்கிறது என்ன நியாயம்?"

தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டுத் திரும்பினான். சிரித்த முகத்தோடு, "கெளம்பலாமா மாப்ள? முன்னாடி போனாத்தான் கம்பி ஓரத்துல எடம் கெடைக்கும்," என்றான்.

அப்படியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிடலாமா என்று இருந்தது. காத்தமுத்து அண்ணன் என்னை வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தார். தாழ்ந்த குரலில், "சார், அவன்கிட்ட எதாவது பேசணும்னா மூஞ்சியப் பாத்துப் பேசுங்க," என்றார். நேருக்கு நேராக, தைரியமாகக் கேளுங்கள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

*

அரங்கம் என்றார்கள். நம் ஊர் நெல் கிடங்குகள் இருபதை ஒன்றாக வைத்துக் கூரை போட்டால் அந்த அளவு வரும். வாசலில் இரண்டு மணி நேரம் வரிசை. முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் முகத்தில் சுண்ணாம்பும் கரியும் பூசியிருந்தார்கள். தோல் சட்டை, இடுப்பில் சங்கிலி. ஒரு பெண் இரண்டு கண்ணிலிருந்தும் கறுப்புக் கண்ணீர் வரைந்துகொண்டு, கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சூப்புக் குடுவையோடு நின்றாள். மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் நசுங்கியிருக்கிறேன், ஆனால் அங்கே நெருக்குகிறவன் யார் வீட்டுப் பையன் என்று தெரியும்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பருமனான ஆள். கப்பல் தலைவன் தொப்பி, முகம் முழுக்க வெள்ளை. சரக்குக் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவராம். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார்.

"எந்த நாடு?"

"இந்தியா."

"அங்கேயும் இவர்களைத் தெரியுமா?"

"எங்கள் ஊரில் மூன்று பேருக்குத் தெரியும்," என்றேன். அவர் அதை மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

தனபாலிடமும் ஏதோ கேட்டார். தனபால் தலையை ஆட்டிச் சிரித்தான். அவர் திரும்பவும் கேட்டார். தனபால் திரும்பவும் சிரித்தான். வெள்ளைக்காரன் ஊரில் இருந்து திமிர் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

உள்ளே ஓடிப்போய் மேடைக்கு நேர் எதிரே கம்பித் தடுப்பை ஒட்டி இடம் பிடித்தான். விளக்கு அணைந்தது. மறைத்திருந்த திரை கீழே விழுந்ததும் மேடை முழுக்க ஒரு கப்பல் நின்றது.

நிஜமான கப்பல்தான் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். பாய்மரம் கூரை வரை போனது. பாய் கட்டியிருந்த லட்சணத்தைக் காரைக்கால்மேட்டு மீனவர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள், ஒரு காற்றுக்குத் தாங்காது. ஆனால் அடியிலிருந்து புகை அலை அலையாக எங்கள் கால் வரை வந்தது. மேல்தளத்தில் ஐந்து பேரும் நின்றார்கள். பாடகன் உடம்பு முழுக்கக் கண்ணாடித் துண்டு தைத்த கோட்டோடு சுக்கான் சக்கரத்தைத் திருப்பினான். அவன் மேல் பட்ட வெளிச்சம், பன்னிரண்டாயிரம் பேர் இருக்குமோ என்னவோ, அத்தனை பேர் முகத்திலும் ஓடியது. முதல் அடி விழுந்தபோது என் விலா எலும்பு அதிர்ந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் நான் எதற்காக வந்தேன் என்பதை மறந்துவிட்டேன். பூட்ஸ் கடிப்பது மறந்தது. மோட்டார் கொட்டகையில் இழுத்துப்போன நாடாவில் கேட்ட அத்தனை பாட்டும் ஒன்றன்பின் ஒன்றாக உயிரோடு எழுந்து வந்தன. ஒரு பாட்டில் நாங்கள் 'மாமரத்தில்' என்று பாடிவந்த இடம் வேறு ஏதோ ஓர் ஆங்கிலச் சொல் என்று அங்கேதான் தெரிந்தது. கவலைப்படாமல் 'மாமரத்தில்' என்றே கத்தினேன். தனபாலும் கத்தினான். தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, தொண்டை நரம்பு புடைக்கப் பாடினான். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பழைய தனபால் இருந்தான்.

நடுவில் பாடகன் மேடை ஓரத்துக்கு வந்து நின்று கதை மாதிரி ஏதோ பேசினான். கப்பல் தலைவன் ஒருவன் தன் மாலுமிகளைக் கடலுக்கு விற்ற கதை. கூட்டம் சிரித்தது. தனபால் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, பிறகு சிரித்தான். மறுபடியும் கூட்டம் சிரித்தது. மறுபடியும் அவன் பிந்திச் சிரித்தான்.

கடைசிப் பாட்டு புயல் பாட்டு. மின்னல் வெட்ட வெட்ட மேடையே ஆடியது. தனபால் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். பாட்டு உச்சிக்குப் போன இடத்தில் பாய்மரத்தின் மேல் இடி விழுந்தது. பெரிய வெடி. உடனே எல்லாம் நின்றது. விளக்கு இல்லை, பாட்டு இல்லை. கும்மிருட்டு. கேசட்டில் இது கிடையாது, மேடையில் மட்டும் செய்கிற வித்தை. கூட்டத்துக்கு இது தெரிந்திருந்தது. அத்தனை ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு குரல் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. சுதி விலகிய குரல். மோட்டார் கொட்டகை ஆங்கிலம்.

யாரோ சீறினார்கள். யாரோ, "அந்த மடையனின் வாயை மூடுங்கள்," என்றார்கள். குரல் நிற்கவில்லை. நான் இருட்டில் தடவி, தனபாலின் முகத்தைக் கண்டுபிடித்து, அவன் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

என் கைக்குள் அவன் உதடு இன்னும் இரண்டு சொல் பாடியது. பிறகு நின்றது. அவன் கண்ணைத் திறந்திருக்க வேண்டும், இமை என் விரலில் உரசியது. ஸ்டேஷன் வாசல், குழாயடி, வரிசையில் சிரித்த சிரிப்பு எல்லாம் அப்போது எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவனுக்கும் புரிந்தது. அவன் மூச்சு சூடாக என் உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

விளக்கு வந்தது. இடியில் செத்துப்போன கப்பல் தலைவனாகப் பாடகன் கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து எழுந்து வந்தான், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி அலறினார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் என் கையை வாயிலிருந்து எடுத்து, கம்பித் தடுப்பின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டான். கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. மிச்சப் பாட்டு முழுவதும் அப்படியே நின்றோம்.

*

வெளியே வந்தபோது கடைசி ரயில் போயிருந்தது. கூட்டத்தில் பாதி அந்த ரயிலை நம்பி வந்தவர்கள்தான். முகத்தில் சுண்ணாம்பு வழிய ஆளாளுக்கு ஒரு திசையில் நடந்தார்கள். பாரம் தூக்கும் வண்டிக்காரர் எங்களைக் கடந்து போகும்போது தொப்பியைக் கழற்றி, "இந்தியாவிலுள்ள மூன்றாவது ஆளிடம் சொல்லுங்கள், நன்றாக இருந்தது என்று," என்றார்.

தனபாலின் அறைக்கு இரண்டு மணி நேர நடை. நான் பேசத் தொடங்கினால் அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தடியில் நிறுத்துவான். வெளிச்சத்தில் என் உதட்டைப் பார்த்தால்தான் அவனுக்குப் பேச்சு. இரண்டு கம்பத்துக்கு நடுவில் இருட்டில் சும்மா நடப்போம். அடுத்த கம்பத்தில் விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.

"எத்தனை நாளா?"

"எடது காது மொதக் குளிர்லயே போச்சு. சீழ் வச்சுது. லீவு கேட்டா வேலை போயிடும்னு விட்டுட்டேன். வலது காதை மெஷினு தின்னுடுச்சு. இந்த ஒரு வருஷத்துலதான் அடியோட போச்சு. லாரி ஹாரன் கேக்குது. தவிலு அடிச்சா கேக்கும். மனுசப் பேச்சு கேக்கல."

"காதுல மாட்டுற மெஷினு?"

"மாட்டிப் பாத்தேன். எரைச்சல் பெருசாவுது. பேச்சு பேச்சா வரல."

அடுத்த கம்பத்தில் கேட்டேன். "எழுதுறதுக்குக் காது எதுக்குடா? ஏன் எழுதல?"

அவன் கொஞ்ச நேரம் கம்பத்தில் ஒட்டியிருந்த பழைய விளம்பரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு லெட்டர்லயும் ஒரே கேள்விதான் மாப்ள. போன் பண்ணுங்க அத்தான், போஸ்டாபீஸ்ல வந்து நிக்கிறேன், ஒருதடவை கொரலைக் கேக்கணும்னு. என்னன்னு எழுதச் சொல்ற?"

ஒரு லாரி போனது. அதன் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ஒரு பாலத்தடியில் நின்றான். "வீட்டுல ஒண்ணு சொல்லு. இங்க ஒரு வெள்ளக்காரியோட குடும்பம் நடத்துறேன்னு சொல்லிடு. ரெண்டு மாசம் திட்டுவாங்க. அப்புறம் வேற மாப்பிள்ள பாத்துடுவாங்க. செவிடன்னு சொன்னீன்னா, பாவம்னு கட்டிக் குடுத்துடுவீங்க. அது வேணாம் எனக்கு."

"உங்கப்பாவுக்கு?"

"அவருக்கும் அதே."

ராத்திரி மணி இரண்டு இருக்கும். குதிகாலில் தோல் உரிந்து காலுறை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. எனக்கு எங்கேயாவது படுத்தால் போதும் என்று இருந்தது. "சரி," என்றேன். சத்தம் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். அவனுக்கு அது போதும். சண்டை போட்டிருக்கலாம். நான் சண்டை போடவில்லை.

காத்தமுத்து அண்ணன் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். எழுந்துபோய்க் குழம்பைச் சுடவைத்தார்.

*

மிச்ச இரண்டு வாரம் எப்படிப் போனது என்று எனக்கு அவ்வளவாக நினைவில்லை. மெட்ராசிலிருந்து காரைக்காலுக்கு வந்த பஸ்ஸில் அந்தப் பொய்யை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சிதம்பரம் தாண்டும்போது நானே நம்பும்படி வந்துவிட்டது.

பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அப்பா கேட்டார். சொன்னேன். "ஒழியட்டும்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அம்மா தன் அண்ணன் குடும்பத்தையே பெயர் சொல்லி அழுதாள். அரசி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் மாமா வந்தார். பட்டாளத்தில் முதுகு வளைக்காத மனிதர், அப்பா எதிரில் தலையைக் குனிந்துகொண்டு, "என் வளப்பு சரியில்ல," என்றார். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அரசி அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்னண்ணே?"

விமான நிலையத்திலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பொய்யில் ஒரு பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை. பிரெஞ்சு வாத்தியார் நான், ஒரு பெண்ணின் பெயர் வாயில் வரவில்லை.

"எப்படி இருப்பா?"

கீழே பார்த்தேன்.

"பொய் சொல்றப்ப நீ காலத்தான் பாப்ப," என்றாள்.

துவைக்கும் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இருட்டில் அவன் மட்டும் பாடியதையும், வாயைப் பொத்தியதையும், விளக்குக் கம்பங்களையும். அவள் கையில் இருந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"போன் பண்ணுங்க, போன் பண்ணுங்கன்னு எத்தனை லெட்டர் எழுதியிருக்கேன்," என்றாள். அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "லெட்டர் படிக்கிறாங்கள்ல?" என்று கேட்டாள்.

"படிக்கிறான். கண்ணு நல்லா இருக்கு."

அன்றைக்கே எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. அவன் பதில் வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் வீட்டில் நான் உண்மையைச் சொல்லி, அப்பா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். செவிட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அவரும், என் பிள்ளைக்கு யாரும் பிச்சை போட வேண்டாம் என்று மாமாவும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பதில் கடிதத்தோடு அரசி கூடத்துக்கு வந்தாள்.

"யாரும் யாருக்கும் பாவம் பாக்க வேணாம்," என்றாள். "அவங்க வேணான்னு எழுதியிருந்தா விட்டுட்டிருப்பேன். வேணான்னு எழுதல. பேச வேண்டியதை நான் பேசிக்கிறேன்."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அப்பா கடைசி வரை முறுக்கிக்கொண்டே பந்தலுக்கு முளை அடித்தார்.

அவள் பிரான்சுக்குக் கிளம்ப மேலும் ஒன்பது மாதம் ஆனது. கிளம்புவதற்கு முன்னால், பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடு என்று கேட்டாள். நான் வணக்கம், நன்றி எல்லாம் எழுதிக்கொண்டு போனேன். அதெல்லாம் வேண்டாம் என்றாள். 'என்னிடம் சொல்லுங்கள், நான் அவரிடம் சொல்கிறேன்.' அது போதும் என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், காரைக்காலிலிருந்து மெட்ராஸ் வரை பஸ்ஸில் அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முன் சீட்டுக்காரர் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்தார்.

முதல் கடிதம் மூன்றாவது வாரம் வந்தது. காகிதங்களைப் பதிவு செய்ய இரண்டு பேரும் 'மேரி' என்கிற நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்களாம். நம் ஊரில் நகராட்சிக்கு இன்னும் பெரியவர்கள் சொல்கிற அதே பெயர்தான் அங்கேயும். கவுண்டரில் இருந்தவள் தனபாலிடம் ஏதோ கேட்டாள். அவன் சிரித்தான். திரும்பவும் கேட்டாள். மூன்றாவது தரம் குரலை உயர்த்திக் கேட்டபோது, பின்னால் வரிசையில் இருந்தவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். அரசி முன்னால் போய், கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு சொல் தவறாமல் சொன்னாள்: என்னிடம் சொல்லுங்கள், நான் அவரிடம் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு மிகவும் நிம்மதி. அரசியின் பக்கம் திரும்பி, தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி ஐந்து நிமிஷம் பிரெஞ்சில் பேசினாள். அரசி முழுவதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு தனபாலின் முகத்துக்கு நேராகத் திரும்பி, உதட்டை நன்றாக அசைத்து, "என்னமோ கேக்குறாங்க அத்தான். எனக்கும் ஒண்ணும் புரியல," என்றாளாம்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கவுண்டர்க்காரி பயந்துபோய், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் காட்டினாள். அங்கே போட்டுவிட்டு வந்தோம் என்று அரசி எழுதியிருந்தாள்.